டெங்குவா, சிக்குன்குனியாவா? ஒரே வீட்டில் இரண்டு காய்ச்சல்

அக்கரைப்பற்று ஓபிடி:

மாரி தொடங்கியதிலிருந்து ஓபிடி (வெளிநோயாளர் பிரிவு) வரிசையில் பாதிப்பேர் காய்ச்சல்காரர்கள். இன்று வந்த ஒரு வீட்டை வைத்துக் கேட்கிறேன், அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

தாய்க்கு 38 வயது. ஞாயிறு மத்தியானம் திடீரென்று காய்ச்சல், அன்று பின்னேரமே இரண்டு மணிக்கட்டும் கணுக்காலும் வீங்கிவிட்டன. "திருவலையில் குந்தி ஒரு தேங்காய் திருவ ஏலாது டொக்டர்" என்கிறார். மகனுக்கு 9 வயது, 25 கிலோ. அவனுக்கும் ஞாயிறு இரவு காய்ச்சல். மூட்டு நோ இல்லை. தலையிடி, கண்ணுக்குப் பின்னால் நோ, இரண்டு தரம் சத்தி.

இன்று செவ்வாய், மூன்றாம் நாள். தாயின் வெள்ளணு 4,200, பிளேட்லட் (இரத்தம் உறைய உதவும் சிறுதட்டு) 165,000. மகனின் வெள்ளணு 2,900, பிளேட்லட் 128,000. தாய்க்கு மட்டும் நேற்று வெளியில் டெங்கு என்.எஸ்.1 (வைரசின் புரதத்தைத் தேடும் டெஸ்ட்), ஐ.ஜி.எம். (வைரசுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் பிறபொருளெதிரியைத் தேடும் டெஸ்ட்) இரண்டும் பார்த்திருக்கிறார்கள். இரண்டுமே நெகட்டிவ்.

தகப்பன் சொல்கிறார்: "ஒரே வீடு, ஒரே நாள், ஒரே நுளம்பு. அவளுக்கு சிக்குன்குனியா என்றால் இவனுக்கும் அதுதானே? வீட்டில் வைத்தே பார்க்கிறோம்." மகனை வார்டில் போட்டுவிட்டேன். ஆனாலும் அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நீங்கள் எதை வைத்துப் பிரிக்கிறீர்கள்?

பழைய டிஸ்பென்சரி:

தம்பி, தாய்க்கு சிக்குன்குனியாதான். ரிப்போட் வருமுன் கையைப் பிடித்தாலே தெரிந்துவிடும். 2006 கடைசியில் அது மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் வந்தபோது வீதியில் ஆட்கள் கூனிக்கொண்டும் சுவரைப் பிடித்துக்கொண்டும் நடந்ததை நாங்கள் பார்த்தவர்கள். அறுபதுகளுக்குப் பிறகு நாட்டில் பெரிதாகத் தலைகாட்டாமல் இருந்த நோய். அப்போதைய இளம் டொக்டர்மார் யாரும் கண்ணால் கண்டிருக்கவில்லை. 2025இல் அது திரும்ப வந்தது. மறுபடியும் அதே கதை.

நான் நோயாளியிடம் ஒரு தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்து மூடியைத் திறக்கச் சொல்வேன். சிக்குன்குனியாக்காரர் முயற்சி செய்துவிட்டுப் போத்தலை மேசையில் வைத்துவிடுவார். அப்புறம் மணிக்கட்டை இரு பக்கமும் மெதுவாக அழுத்திப் பாருங்கள், கையை இழுத்துக்கொள்வார். விரல், மணிக்கட்டு, கணுக்கால், இடம் வலம் இரண்டு பக்கமும், காலையில் எழும்பும்போது விறைப்பு. டெங்குக்காரரும் உடம்பு உளையுது என்றுதான் சொல்வார், ஆனால் அவருக்கு நோ நாரி, தொடை, கண்குழி என்று இருக்கும். மூட்டு வீங்காது, அழுத்தினாலும் துள்ளமாட்டார்.

தாய்க்கு நோவையும் வீக்கத்தையும் குறைக்கிற டைக்குளோபெனாக் ஒன்று போட்டு அனுப்புங்கள், நாளைக்கே எழும்பி நடப்பார்.

நைட் டியூட்டி:

சேர் கையைப் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. கடைசி வரியோடு மட்டும் எனக்கு ஒத்துவராது.

முதல் மூன்று நாளில் மூட்டு வீக்கம் இருந்தால் சிக்குன்குனியா பக்கம் நன்றாகச் சாயலாம். ஆனால் அது டெங்குவை அழித்துவிடாது. இரண்டையும் காவுவது ஒரே ஈடிஸ் நுளம்பு, ஒரே ஆளுக்கு இரண்டும் சேர்ந்தே வரலாம். சிக்குன்குனியாவை டெங்கு என்று நினைத்துப் பார்த்தால் நோயாளிக்கு இரண்டு மூன்று இரத்தப் பரிசோதனை கூடப் போகும், நோ கொஞ்சம் நீளும். டெங்குவை சிக்குன்குனியா என்று நினைத்து வீட்டுக்கு அனுப்பினால் ஐந்தாம் நாள் இரவு நாடி பிடிபடாமல் கொண்டுவருவார்கள். அதனால் என் வார்டில் எந்தக் காய்ச்சலும் வேறென்று நிரூபிக்கப்படும்வரை டெங்குதான். பெயர் வைப்பது அப்புறம்.

பையனைப் பாருங்கள். தாயைவிட அவன்தான் எனக்குப் பயம். டெங்குவில் முதலில் விழுவது வெள்ளணு, பிளேட்லட் அதன் பின்னால்தான் வரும். மூன்றாம் நாளே 2,900 என்றால் அடுத்த இரண்டு நாளும் அவன் மேலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. சிக்குன்குனியாவிலும் பிளேட்லட் கொஞ்சம் இறங்கும், ஆனால் ஒரு இலட்சத்துக்குக் கீழே போவது அரிது. இரத்தம் செறிவாவது, அதாவது பி.சி.வி. ஏறுவது, அதன் குணமே இல்லை.

காய்ச்சல் விடுகிற நேரம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய துப்பு. சிக்குன்குனியாவில் காய்ச்சல் விட்டால் ஆள் தெளிவார், மூட்டு மட்டும் மிஞ்சும். டெங்குவில் காய்ச்சல் விடும்போதுதான் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கும். அந்த 24 முதல் 48 மணித்தியாலம்தான் ஆபத்துக் கட்டம். வீட்டுக்காரர் "காய்ச்சல் விட்டிட்டு, பிள்ளை நித்திரை" என்று சந்தோஷப்படுவார்கள். கை கால் குளிர்ந்திருக்கிறதா, வயிற்றின் வலது மேல்பக்கம் தொட்டால் நோகிறதா, விடாத சத்தியா, கடைசியாகச் சலம் எப்போது போனது, இதையெல்லாம் கேட்க வேண்டிய நேரம் அது. பிறஷர் பார்க்கும்போது மேல் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். 100க்கு 80 என்று தாதி எழுதினால் சும்மா கடந்து போகாதீர்கள், மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி 20க்குச் சுருங்கிவிட்டது, இரத்த ஓட்டம் தளர்வதன் அடையாளம் அது.

தாய்க்கு இப்போது பரசிட்டமோல் முழு அளவில், ஓய்வு, தண்ணீர். காய்ச்சல் விட்டு 48 மணித்தியாலம் கழிந்து, எஃப்.பி.சி. (முழு இரத்தக் கணக்கு) சரியாக இருந்து, ஆபத்து அறிகுறி எதுவும் இல்லை என்றால் அப்போது டைக்குளோபெனாக் பற்றிப் பேசலாம். டெங்குவாக இருந்தால் அது இரத்தப்போக்கைக் கூட்டும்.

ஆய்வுகூடம்:

எம்.எல்.ரீ.யாக (ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக) ஒரு வார்த்தை. "டெங்கு டெஸ்ட் நெகட்டிவ்" என்று சொல்லும்போது எந்த நாளில் எந்த டெஸ்ட் என்று யாரும் கேட்பதில்லை.

தாய்க்கு இரண்டாம் நாள் ஐ.ஜி.எம். பார்த்தது காசுக்குக் கேடு. அது டெங்குவிலும் சரி, சிக்குன்குனியாவிலும் சரி, ஏறக்குறைய ஐந்தாம் நாளில்தான் தலைகாட்டத் தொடங்கும். முதல் நாட்களில் டெங்குவுக்கு என்.எஸ்.1, வசதி இருந்தால் வைரசின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சிக்குன்குனியாவுக்கு என்.எஸ்.1 மாதிரி ஒன்று நம் கையில் இல்லை. முதல் ஐந்தாறு நாள் பி.சி.ஆர்., அதன் பிறகு ஐ.ஜி.எம். அவ்வளவுதான். தாயின் என்.எஸ்.1 சரியான நாளில்தான் எடுத்திருக்கிறார்கள், அதற்கு ஒரு மதிப்பு உண்டு. ஆனால் ஏற்கெனவே ஒருதரம் டெங்கு வந்தவருக்கு இரண்டாம் தரம் வரும்போது என்.எஸ்.1 தப்பவிடுவது கூடுதல். ஆபத்தான டெங்குவும் பெரும்பாலும் அந்த இரண்டாம் தரம்தான், அதுதான் சிக்கல்.

இன்னொன்று. டெங்குவும் ஸிகாவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் ஒரே குடும்ப வைரசுகள். ஒன்றுக்கு எதிராக வந்த பிறபொருளெதிரி மற்றதன் டெஸ்டிலும் கோடு காட்டும். சிக்குன்குனியா வேறு குடும்பம், டெங்குவோடு அப்படிக் குழம்பாது. அதனால் இரண்டு ஐ.ஜி.எம்.மும் பொசிட்டிவ் என்றால் கிட்டில்தான் பிழை என்று அவசரப்படக் கூடாது. இரண்டும் வந்திருக்கலாம், அல்லது ஒன்று பழையது. ஐ.ஜி.எம். இரண்டு மூன்று மாதம் நின்று பிடிக்கும்.

அப்புறம், வார்டுக்காரருக்கு ஒரு கெஞ்சல். ஊதா மூடிக் குழாயில் இரத்தத்தை விட்டதும் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி ஏழெட்டுத் தரம் கலக்குங்கள். அழுகிற பிள்ளையிடம் சொட்டுச் சொட்டாக எடுத்து அப்படியே வைத்தால் அடியில் நூல் மாதிரி ஒரு சிறு கட்டி உறைந்துவிடும். மெஷின் பிளேட்லட்டைப் பாதியாகக் காட்டும். திடீரென்று 40,000 என்று வந்து, பிள்ளை பிஸ்கட் தின்றுகொண்டிருந்தால், இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் பூசி (ஃபில்ம்) நுணுக்குக்காட்டியில் பார்க்கச் சொல்லுங்கள்.

படுவான்கரை:

நான் டொக்டர் இல்லை, வாத்தியார். எங்கள் பக்கம் காய்ச்சல் என்றால் நுளம்பு மட்டுமா? வயலுக்குள் நின்றவனுக்கு எலிக்காய்ச்சலும் இதே மாதிரித்தான் தொடங்குகிறது. என் மச்சானுக்குப் போன வருடம் "வைரஸ் காய்ச்சல்" என்று ஒரு இடத்தில் குளிசை கொடுத்து அனுப்பி, கண் மஞ்சளான பிறகுதான் வார்டுக்குப் போனார்.

நைட் டியூட்டி:

வாத்தியார் நல்ல இடத்தில் பிடித்தார். நுளம்புக் காய்ச்சல்களுக்குள் பிரிப்பதைவிட, அந்தக் கூட்டத்துக்குள் ஒளிந்து வரும் எலிக்காய்ச்சலைப் பிடிப்பது முக்கியம். அதற்கு மருந்து இருக்கிறது, நேரத்துக்குக் கொடுத்தால் ஆள் பிழைப்பார்.

விதைப்புக் காலத்திலும் அறுவடையிலும் வருகிற ஆண்களிடம் "சேற்றில் இறங்கினீர்களா, காலில் வெடிப்பு, காயம் இருக்கா" என்பதுதான் என் முதல் கேள்வி. கெண்டைக்காலை அழுத்தினால் துடிப்பார். கண் வெள்ளை, பீளை இல்லாமல் சிவந்திருக்கும். பிளேட்லட் இதிலும் குறையும், அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். ஆனால் வெள்ளணு டெங்குவில்போல விழாமல் பெரும்பாலும் ஏறி நிற்கும், அதில் ஒரு வகையான நியூற்றோபில் கூடியிருக்கும். சலம் குறைகிறதா, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிறியற்றினின் ஏறுகிறதா பாருங்கள். சந்தேகம் வந்தால் ரிப்போட்டுக்குக் காத்திராமல் பெனிசிலினோ செப்ரியாக்சோனோ தொடங்கிவிடலாம்.

மலேரியாவை நாம் மறந்தே போனோம். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது உண்மைதான். ஆனால் ஆபிரிக்காவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ திரும்பியவருக்குக் காய்ச்சல் என்றால் மலேரியா இரத்தப் பரிசோதனை கட்டாயம்.

லேபர் ரூம்:

பெயர் வைப்பது அப்புறம் என்று நைட் டியூட்டி சேர் சொல்கிறார். எங்கள் பக்கம் அப்படி விட்டுவிட முடியாது.

பிள்ளைத்தாய்ச்சிக்கு நாள் கிட்டிய நேரத்தில் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் என்றால் எனக்கு அது சிக்குன்குனியாவா என்று தெரிய வேண்டும். பேறு நேரத்தில் தாயின் இரத்தத்தில் வைரஸ் இருந்தால் ஏறக்குறைய பாதிப் பிள்ளைகளுக்குத் தொற்றும் என்பது 2005–06இல் ரீயூனியன் தீவில் கண்டது. சிசேரியன் செய்தாலும் அது தடுக்காது. பிள்ளை பிறக்கும்போது நன்றாக இருக்கும். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல், பால் குடிக்காமல் சோர்ந்துபோதல், கை கால் வீக்கம், சிலவேளை வலிப்பு. "பிள்ளை நல்லா இருக்கு, நாளைக்குத் துண்டு வெட்டுவோம்" என்று அனுப்பினால் அது வீட்டில் நடக்கும். அதனால் ஒரு கிழமையாவது வைத்துப் பார்க்க வேண்டும்.

அதே தாய்க்கு டெங்கு என்றால் கவலை வேறு: இரத்தப்போக்கு. முடிந்தால் ஆபத்துக் கட்டத்தில் பேறு நடக்காமல் தள்ளிப்போடப் பார்ப்போம். கர்ப்பத்தில் இரத்தம் இயல்பாகவே நீர்த்திருப்பதால் பி.சி.வி. ஏறுவதும் சட்டென்று கண்ணில் படாது.

ஸிகா பற்றி யாரும் பேசவில்லை. காய்ச்சல் இலேசு, சிலருக்கு இல்லவே இல்லை. முதல் நாளிலிருந்தே கடிக்கிற தடிப்பு, பீளை இல்லாத கண் சிவப்பு, கொஞ்சம் கை கால் வீக்கம். ஐந்தில் நான்கு பேருக்கு ஒன்றுமே தெரியாது. பெரியவருக்கு அது ஒரு காய்ச்சலே இல்லை, கருவில் இருக்கும் பிள்ளைக்குத்தான் மூளை வளராமல் தலை சிறுத்துப்போகும் அபாயம். உடலுறவாலும் பரவும். கேரளத்தில் 2021இல் வந்தது. கர்ப்பிணி தடிப்போடு வந்தால் அவரும் கணவரும் அண்மையில் எங்கே போய் வந்தார்கள் என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்குக் காசு இல்லை.

பழைய டிஸ்பென்சரி:

நைட் டியூட்டி மகன், நீங்கள் வார்டில் இருந்து பேசுகிறீர்கள். என் கதிரையில் ஒருநாள் இருந்து பாருங்கள். மீன்பிடிக்காரன் வலை இழுக்க ஏலாமல் வருகிறான், கைத்தறிக்காரி தறியில் குந்த ஏலாமல் வருகிறாள். பனடோலைக் கொடுத்து "காய்ச்சல் விட்டு இரண்டு நாள் கழித்து வா" என்றால் அடுத்த சந்தியில் ஊசி போடுகிற இடத்துக்குப் போவார்கள். அங்கே டைக்குளோபெனாக்கோடு ஸ்டீரொயிட்டும் சேர்த்து ஏற்றுவார்கள். அதைவிட நான் கொடுப்பது மேல்தானே?

நைட் டியூட்டி:

சேர் சொல்கிற நெருக்கடி பொய்யில்லை. பரசிட்டமோலை நம்மாட்கள் ஒன்று ஒன்றாக விழுங்குகிறார்கள், அதனால்தான் கேட்பதில்லை. பெரியவர் என்றால் இரண்டிரண்டாக ஆறு மணித்தியாலத்துக்கு ஒருதரம், நாளுக்கு எட்டைத் தாண்டாமல், ஈரல் வருத்தம் இல்லை என்றால். அதற்கும் மேலே நோ என்றால் திரமடோல் என்ற வலுக்கூடிய நோ மருந்தைச் சேர்க்கலாம். தொடையில் ஊசி மட்டும் வேண்டாம். டெங்குவாக இருந்து பிளேட்லட் விழுந்தால் அந்த இடத்திலேயே இரத்தம் கட்டும். ஸ்டீரொயிட் காய்ச்சலை அமுக்கிவிடும், காய்ச்சல் எப்போது விட்டது என்ற கணக்கே குழம்பிப்போகும். எனக்கு அந்தக் கணக்குத்தான் வேண்டும்.

அக்கரைப்பற்று ஓபிடி:

புதுத் தகவல். வார்டில் போட்ட அன்றே பையனுக்கு என்.எஸ்.1 பொசிட்டிவ். இன்று வியாழன் விடியக் காய்ச்சல் விட்டது. தகப்பன் வீட்டுக்குக் கூட்டிப்போகக் கேட்டார். ஒன்பது மணி எஃப்.பி.சி.யில் பிளேட்லட் 71,000, பி.சி.வி. 35இலிருந்து 41. ஸ்கானில் பித்தப்பைச் சுவர் தடித்திருக்கிறது, வயிற்றுக்குள் கொஞ்சம் நீர். கசிவு தொடங்கிவிட்டது. பெரிய வைத்தியசாலையின் எச்.டி.யு.வுக்கு (நெருங்கிக் கண்காணிக்கும் பிரிவுக்கு) அனுப்பியாயிற்று.

தாய்க்கும் இன்று காய்ச்சல் இல்லை. வெள்ளணு 4,600, பிளேட்லட் 158,000, பி.சி.வி. அசையவில்லை. மணிக்கட்டு வீக்கம் அப்படியே. முகத்திலும் கையிலும் தடிப்பு.

தகப்பனின் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. வீடு ஒன்று, வைரஸ் இரண்டு என்றுதான் படுகிறது.

படுவான்கரை:

பையனுக்குப் பப்பாசி இலைச் சாறு கொடுத்தார்களா? பிளேட்லட் ஏறும் என்கிறார்களே.

நைட் டியூட்டி:

வாத்தியார், பிளேட்லட் குறைவதால் போகிற உயிர் குறைவு. நீர் கசிந்து, பிறஷர் விழுந்து, அதைக் கவனிக்காமல் விட்டதால் போனவைதான் கூட. சாறு குடித்த பிள்ளை சத்தி எடுத்தால் அது இலையாலா டெங்குவாலா என்று எங்களுக்கும் தெரியாமல் போகும். ஜீவனி (உப்பு, சீனிக் கரைசல்), கஞ்சி, இளநீர், சூப் போதும். சிவப்பு நிறப் பானம் மட்டும் வேண்டாம், சத்தியில் இரத்தமா என்று குழப்பும்.

அளவுக்கு மிஞ்சியும் கொடுக்கக் கூடாது. ஆபத்துக் கட்டம் முழுவதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது: ஒரு நாளின் சாதாரணத் தேவையும், உடல் எடையின் ஐந்து வீதமும். 25 கிலோப் பிள்ளைக்கு 1,600ஐயும் 1,250ஐயும் கூட்டினால் 2,850 மில்லிலீற்றர். வாயால் குடிப்பது, சேலைன் எல்லாம் சேர்த்து 48 மணித்தியாலத்துக்கு அதை மனதில் வைத்து, நாடி, பிறஷர், சலம், பி.சி.வி. பார்த்துக் கூட்டிக் குறைப்போம். பயத்தில் அள்ளி ஊற்றினால் கசிந்த நீர் நெஞ்சுக்குள் நிரம்பி மூச்சு முட்டும்.

நுளம்பு வேட்டை:

பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) பேசுகிறேன். எல்லோரும் பிரித்து முடியும்வரை எங்களுக்கு அறிவிக்காமல் இருக்காதீர்கள். தொற்றுநோயை அறிவிக்கும் எச்.544 படிவம் சந்தேகத்திலேயே நிரப்ப வேண்டியது, ரிப்போட் வந்த பிறகு இல்லை. தனியார் கிளினிக்குகளிடமிருந்து வருவது மிகக் குறைவு. ஆஸ்பத்திரிப் படிவம் வந்து நாங்கள் வீட்டுக்குப் போகும்போது பக்கத்து வீட்டிலும் காய்ச்சல் தொடங்கியிருக்கும்.

கடற்கரைப் பக்கம் போனால் சட்டிபானை, டயரோடு நிற்காதீர்கள். கரையில் கவிழ்க்காமல் கிடக்கும் பழைய தோணிக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள், அடியில் தேங்கிய தண்ணீரில் குடம்பி நெளியும். கொஞ்சம் உப்புக் கலந்த நீரிலும் ஈடிஸ் வளர்வதை வடக்கு, கிழக்குக் கரையோரங்களில் கண்டிருக்கிறார்கள். வீட்டுக்குள் என்றால் ஃபிரிஜ்ஜின் பின்தட்டு, கூரைப்பீலி, பாவிக்காத கக்கூசு. தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்க்க வேண்டும். ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும்.

மருதமுனை ராத்தா:

எனக்கு சிக்குன்குனியா வந்து நாலு மாதம். காய்ச்சல் நாலு நாளில் போயிற்று, விரல் மட்டும் காலையில் மடங்குதில்லை. மூக்கும் கறுத்துப் போயிற்று. இது போகுமா, இல்லாட்டி வாதம் ஆகிவிட்டதா?

நைட் டியூட்டி:

ராத்தா, மூக்குக் கறுப்பு இந்த நோய்க்குப் பிறகு வருவதுதான், மாதங்களில் மெல்ல மங்கும். பயப்பட ஒன்றும் இல்லை. மூன்று மாதம் தாண்டிய விரல் விறைப்பைத்தான் சும்மா விடக் கூடாது. பலருக்குத் தானாகவே குறையும், சிலருக்கு முடக்குவாதம் மாதிரியே நிற்கும், ஏற்கெனவே ஒளிந்திருந்த முடக்குவாதம் இதோடு வெளிவருவதும் உண்டு. மருத்துவ கிளினிக்கில் காட்டி ஈ.எஸ்.ஆர். (அழற்சியைக் காட்டும்), ஆர்.எஃப். (முடக்குவாதத்துக்குப் பார்ப்பது) இரத்தப் பரிசோதனைகளைச் செய்து பாருங்கள். கடையில் வாங்கும் நோக் குளிசையை மாதக்கணக்கில் போடாதீர்கள், சலரோகமோ பிறஷரோ இருந்தால் சிறுநீரகம் கெட்டுவிடும்.

அக்கரைப்பற்று ஓபிடி:

பையன் திங்கட்கிழமை சாதாரண வார்டுக்கு வந்துவிட்டான். கை கால் முழுக்க சிவப்பு, நடுவில் வெள்ளைத் திட்டுகள், உள்ளங்கை கடிக்கிறது என்று சொறிகிறான். பசி வந்துவிட்டது, பிளேட்லட் ஏறத் தொடங்கியிருக்கிறது. தாய்க்கு சிக்குன்குனியா ஐ.ஜி.எம்.முக்கு இரத்தம் எடுத்து இன்று அனுப்பியிருக்கிறேன். காய்ச்சல் விட்டு நாலு நாள், பிளேட்லட் 190,000, கிறியற்றினின் சரி, வயிற்றுப்புண் இல்லை. டைக்குளோபெனாக் சாப்பாட்டுக்குப் பிறகு, ஐந்து நாளுக்கு மட்டும் எழுதிக் கொடுத்தேன். பழைய டிஸ்பென்சரி சேருக்கு இப்போது திருப்தியா?

பழைய டிஸ்பென்சரி:

வயிற்றைக் காக்க ஒமேப்பிரசோலையும் சேர்த்து எழுது தம்பி.